இரண்டாவது தொடல்

எங்கள் வாலிபால் அணிக்கு செட்டர்கள் மூன்று பேர்.
மூன்று என்பது ஏட்டுக் கணக்கு.

தயாளனுக்குப் போன வியாழக்கிழமை மோதிர விரல் போச்சு.
வலைக்கு மேலே எகிறி மறிக்கப் போனான்.
செட்டருக்கு எதற்கு அந்த வேலை?
பத்து விரலையும்
பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டியவன்.

ஆடியிலிருந்து கத்துகிறேன்
ஐந்து ரோட்டு டீக்கடையில்:
அடிக்கிறவனுக்குக் கொட்டிக் கொடுக்காதே,
தூக்கிக் கொடுக்கிறவனை வாங்கு.
முதல் தொடல் யாருக்கும் வரும்.
மூன்றாவதுக்குக் கைதட்டு விழும்.
நடுவிலே இருக்கிறதே ஒரு தொடல்,
அரை நொடி,
அதில்தான் மொத்த ஆட்டமும் குடியிருக்கிறது.

யார் கேட்டார்கள்?
அடிப்பான்கள் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள்,
ஆறே முக்கால் அடி.
ஜங்ஷனில் தாரை தப்பட்டை, ஆளுயர மாலை.

நவநீதன் இருக்கிறானே என்பார்கள்.
நல்ல பையன். அதுதான் சிக்கல்.
பந்து கைக்கு வருமுன்பே
இடமா வலமா என்று தோள் சொல்லிவிடும்.
எதிராளிக்குத் தந்தி அடித்துவிட்டுத்தான் தூக்குவான்.

மூன்றாவது மாதேஷ்.
தாரமங்கலம். பத்தொன்பது வயது.
இந்த வருஷம் அவன் ஆடியது நாலே நாலு புள்ளி,
அதுவும் ஜெயித்து முடித்த ஆட்டத்தின் வாலில்.
மற்ற நேரம் தரையில் வியர்வை துடைப்பான்.
துடைக்கும்போதும்
அவன் கண் பந்தை விடாது. நான் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு அரையிறுதி.
டிக்கெட் என் சட்டைப் பையில்.
நான் ஏற்காடு மலைப்பாதையில்.

இந்த இன்னோவாவின் சொந்த டிரைவருக்கு மஞ்சள் காமாலை.
வழக்கமாக வரும் ஆக்டிங் டிரைவருக்கு மச்சினன் கல்யாணம்.
மத்தியானம் மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
ஆயிரத்து இருநூறு, சாப்பாடு தனி.

இடது காதில் சையது,
காந்தி ஸ்டேடியம் கேலரியிலிருந்து.
அடிவாரத்தில் முதல் செட் போச்சு.
ஐந்தாவது கொண்டை ஊசியில் இரண்டாவது செட் நமக்கு.
ஒன்பதாவதில்,
'டேய், நவநீதன் விழுந்துட்டான்டா, கணுக்கால்,
தூக்கிட்டுப் போறாங்க...'
பிறகு வெறும் காற்று.

பத்து. பதினொன்று.
பின் சீட்டில் குழந்தை வாந்தி என்கிறது.
அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்கிறாள்.
குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்து
மாற்று ஆட்டக்காரர்கள் மாதிரி பார்க்கின்றன.

பதிமூன்றாவது வளைவில்
இரண்டு கோடு சிக்னல்.
இன்ஜின் சூடாயிருச்சு சார், பத்து நிமிஷம் என்றேன்.
முள் நடுவில்தான் நின்றது.
பானெட்டைத் திறந்து
தலையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

'மாதேஷ் எறங்கியிருக்கான்.
கை நடுங்குதுடா.
முத பந்து... ரெண்டு தடவை பட்டுருச்சு, ஃபவுல்.
கேலரில திட்டுறானுங்க.
இரு.
இரு இரு.
முதுகுக்குப் பின்னால தூக்குனான்டா!
யாரும் எதிர்பாக்கல, வலையில ஒருத்தன்கூட இல்ல...'
சையதுக்குக் குரல் உடைந்தது.
பானெட்டுக்குள் நான் போட்ட கூச்சலுக்குக்
குழந்தை அழுதது.

என்னப்பா ஆச்சு என்றார் முதலாளி.
ரேடியேட்டர் சார் என்றேன்.

ஒண்டிக்கடை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.
ஐந்தாவது செட்,
பதினைந்துக்குப் பதிமூன்று.
தோற்றுவிட்டோம்.
கடைசிப் பந்தையும் மாதேஷ் சரியாகத்தான் தூக்கினானாம்.
ஆறே முக்கால் அடி
அதை வெளியே அடித்தது.

விடுதி வாசலில் குளிர்.
முதலாளி இறங்கி, சோம்பல் முறித்து,
நல்லாத்தான் ஓட்டுறே, உன் பேர் என்ன என்றார்.
சொன்னேன்.
நம்பரைக் குறித்துக்கொண்டார்.
என்ன பெயரில் குறித்தார் என்று எட்டிப் பார்த்தேன்:
டிரைவர் 3.

சீட்டைச் சாய்த்துப் படுத்து
சையதை மறுபடி கூப்பிட்டேன்.
அடுத்த வருஷத்துக்கு
நாலாவது ஆள் யாருடா?